போகாத விருந்தாளி

விடுதியின் சலவைக் கூடத்தில் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு முனை, கூட வேலை பார்க்கும் நெட்டச்சி மறுமுனை. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைக் கைமாற்றும் அந்த ஒரு நொடியில்தான் பேச்செல்லாம். தள்ளி நின்றால் இயந்திர இரைச்சலில் எதுவும் காதில் விழாது.

"இன்னிக்குத்தானே ரிசல்ட்டு?" என்றாள் நெட்டச்சி.

"ஆமா. மூணு மணிக்கு."

"ஒண்ணும் இருக்காது, விடு."

போன வருஷம் அவளுடைய கர்ப்பப்பை வாயில், விட்டால் புற்றுநோயாக மாறக்கூடிய சதையை மெல்லிய கம்பி வளையத்தால் வெட்டி எடுத்திருந்தார்கள். நாலாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். ஈரத் துணி மூட்டைகளை ஒரு மாதம் அவளுக்கும் சேர்த்துத் தூக்கியவள் நெட்டச்சிதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாள். "செல்லெல்லாம் சுத்தமா இருக்கு. கருவி வச்சுப் பாத்ததுலயும் தப்பா எதுவும் இல்ல. ஆனா இதுக்கெல்லாம் காரணமான அந்த வைரஸ் மட்டும் இன்னும் போகல."

அவள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "வெட்டி எடுத்தீங்களேம்மா?"

"கெட்டுப்போன இடத்தத்தான் எடுத்தோம். வைரஸ் சுத்தி இருக்கற தோல்லயும் தங்கும். அதுக்கு மாத்திரை கிடையாது. முக்காவாசிப் பேருக்கு உடம்பே விரட்டிடும். உனக்குக் கொஞ்சம் நாளாகுது, அவ்வளவுதான். இது புற்றுநோய் இல்ல. அடுத்த வருஷம் மறக்காம வா. வராம மட்டும் இருந்துடாத."

படியிறங்கும்போது கால் லேசாக இருந்தது. முழுச் சந்தோஷம் இல்லை. ஆனாலும் ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

வீட்டில் பெயின்டடிக்கும் கணவன், விரலிடுக்கில் ஒட்டிய வெள்ளையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"சேர்க்கைல தொத்தறதுன்னா, என்கிட்டருந்து வந்திருக்குமா?"

"அதையும் கேட்டுட்டேன். எப்ப வந்துச்சு, யாருகிட்டருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம். கல்யாணமான புதுசுலயே வந்து சத்தமில்லாம உக்காந்திருக்கலாமாம். அதுக்காக யாரும் யாரையும் குத்தம் சொல்லக் கூடாதுன்னாங்க."

அவன் பெருமூச்சு விட்டான். "அப்ப உன் தம்பி மாதிரின்னு சொல்லு. ரெண்டு நாள்னு வந்தான், மூணு மாசம் நகரலயே."

"என் தம்பிய இழுக்கலன்னா உங்களுக்குத் தூக்கம் வராதே!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்த மகளிடம், "உனக்கு வர்ற மாசம் ஒரு தடுப்பூசி. இந்தத் தொல்லையே உனக்கு அண்டாம இருக்க" என்றாள்.

மறுநாள் கூடத்தில் சேதி பரவிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டின்போது பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வலிக்குமா, யார் பார்ப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று ஆளுக்கொரு கேள்வி. தெரிந்ததையெல்லாம் கூசாமல் சொன்னாள். எல்லோரும் எழுந்த பிறகு நெட்டச்சி குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு நாலு மாசமா, தீட்டு இல்லாத நாள்லயும் ரத்தம் படுதுடி."

"இத ஏன்டி இத்தன நாள் சொல்லல?"

"உனக்கே ஆயிரம் கவல."

ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனை செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும்தான். இவர்களுக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. பரிசோதனைக்குப் போக வேண்டிய ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசரிடம் போய், ஆளுக்கொரு செவ்வாய் லீவு கேட்டாள் அவள்.

"மாசத்துக்கு ஒருத்தர்தான். வேலைல சேர்ந்த வரிசைப்படி" என்றார் அவர், நோட்டை விட்டுத் தலை நிமிராமல். முதல் பெயர் இஸ்திரி போடும் அக்காவுடையது, பதினெட்டு வருஷத்து ஆள். கடைசிப் பெயர் நெட்டச்சியுடையது.

"சார், இவளுக்கு அவசரம்."

"எல்லாருக்கும் அவசரம்தான்மா. ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்கு."

இஸ்திரி அக்கா முன்னால் வந்தாள். "அப்ப என் முறைய அவ எடுத்துக்கட்டும், சார். அவளுத நான் எடுத்துக்கறேன். அதுக்கு ரூல்ஸு இல்லையே?"

அவர் யோசித்துவிட்டுப் பெயர்களை மாற்றி எழுதினார். நெட்டச்சிக்கு ஆகஸ்ட், வருகிற செவ்வாய். நெட்டச்சி இஸ்திரி அக்காவின் கையை விடவே இல்லை. மற்றவர்கள் கல்யாண வீட்டில் நிற்பதுபோல ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சூப்பர்வைசர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் புரட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு செவ்வாயாகக் குறித்துக்கொண்டே போனார். ஐந்தாவது ஆளோடு டிசம்பர் வந்துவிட்டது. இஸ்திரி அக்காவுக்கு ஜனவரியில் தேதி போட அதையும் புரட்டினார். பின்னால் வெறும் அட்டைதான் இருந்தது.