விசில் ஊதினால் சாயும் மைதானம்

நடுவர் விதோசாவா விசிலை ஊதியதும் மைதானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெனால்டிக்கு நீட்டிய கையோடு புல்லில் விழுந்தாள். நீஷ் நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஊர், ஆண்கள் ஆடும் கீழ்நிலைக் கால்பந்து. வேலிக்கு அப்பாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"காலையிலேயே ரக்கியா ஏத்திட்டு வந்திருக்கா பாரு. தூக்கிட்டுப் போய் வீட்ல போடுங்கடா."

கூட்டம் சிரித்தது. குடித்தாளா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரமே, 'போதையில் பணியாற்றியதாகப் புகார்' என்று அறிவிப்பு போட்டு நடுவர் சங்கம் அவளை இடைநீக்கம் செய்தது.

பல மாதங்களாகவே அவளுடைய வலது காது சரியில்லை. பேசினால் சொந்தக் குரலே பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கும். கண்ணை உருட்டினால் உள்ளே உரசும் சத்தம் கேட்கும். பெரிய ஆஸ்பத்திரியில் பேராசிரியர் டோமிச்சிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தாள். அவர் எம்.ஆர்.ஐ. எடுத்தார், தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்.

"ரெண்டும் சுத்தமா இருக்கு. நாப்பதைத் தாண்டிட்டீங்க, தனியா வேற இருக்கீங்க. மனசு இப்படியெல்லாம் வேலை காட்டும்."

"கண்ணு உருள்ற சத்தம் காதுல கேக்குது டாக்டர். அது மனசா?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். நல்லா இருக்கிறவங்களுக்கு அது கேக்காது."

அவர் எழுதித் தந்த தூக்க மாத்திரைகளை ஆஸ்பத்திரி வாசல் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

இடைநீக்கத்துக்குப் பிறகு, படங்கள் இருந்த குறுந்தகட்டோடு தலைநகர் பெல்கிரேடுக்குப் போனாள். அங்கே நெவெனா என்ற டாக்டர், காதின் படங்களை மட்டுமே பார்ப்பவர். நாற்காலியில் உட்காரவைத்து, தலையைச் சுற்றி வரும் வேறொரு சி.டி. கருவியில் படம் எடுத்தார்.

"எம்.ஆர்.ஐ. நரம்பையும் நீரையும் காட்டும். எலும்பு அதுல வெறும் இருட்டுதான். எலும்புல ஓட்டை இருக்கான்னு அதுகிட்டப் போய்க் கேக்கறதே தப்பு," என்றார். பிறகு திரையில் சுட்டினார். நாம் சாயாமல் நிற்க உதவும் வளையக் குழாய் ஒன்று காதுக்குள் இருக்கிறது. அதன் எலும்புக் கூரையில் ஒரு சின்ன இடைவெளி. ஊதும் அழுத்தமும் விசில் சத்தமும் அந்த வழியாகத்தான் உள்ளிருக்கும் நீரைக் கலக்கின்றன. உடம்பின் சொந்தச் சத்தங்கள் உரத்துக் கேட்பதும் அதனால்தான்.

படத்தோடு விதோசாவா டோமிச்சின் அறைக்குத் திரும்பிப் போனாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார்.

"மெல்லிசா இருக்கிற எலும்பைக்கூட சி.டி. ஓட்டைன்னு காட்டும். இதை நம்பி மண்டையைத் திறக்கப் போறீங்களா?"

அவள் நெவெனாவைப் போனில் பிடித்து, இருவருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள்.

"சார் சொல்றது உண்மைதான்," என்றார் நெவெனா. "அதான் என் படத்தை மட்டும் நான் நம்பல. சத்தத்தைக் கொடுத்து காதைச் சோதிச்சேன், அதுவும் ஒத்துப்போச்சு. அப்புறம், சார், உங்க சி.டி.யையே அந்த வளையம் போற வாக்குல மெல்லிசா வெட்டிப் பாத்தேன். அதே இடத்துல அதே ஓட்டை. நீங்க பாத்தது தடிமனான வெட்டுங்களை மட்டும்தான்."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பாக்குறோம்னு உங்களுக்குத் தெரியுமா?"

விதோசாவா படத்தைத் திரும்பவும் அவர் முன்னால் தள்ளினாள். "நான் ஒரு தடவை தப்பா ஊதினா ஊரே சேர்ந்து என் அம்மாவை இழுத்துத் திட்டும். நீங்க என்னைப் பைத்தியம்னு நினைச்சு மாத்திரை எழுதினீங்க. உங்களை யார் கேக்குறா?"

பெல்கிரேடில் அறுவை சிகிச்சை நடந்தது. கண் உருளும் சத்தம் நின்றது. வலது காதில் மெல்லிய ஒலிகள் கொஞ்சம் மங்கிப்போயின.

அவள் அனுப்பிய மருத்துவச் சான்றிதழைப் பார்த்துவிட்டு நடுவர் சங்கச் செயலாளர் போன் செய்தார். "நடந்தது நடந்துபோச்சு விதா. ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு, வந்துடு."

"குடிக்கலைன்னு போடுங்க. எங்க போதைன்னு போட்டீங்களோ அங்கேயே."

'உடல்நலக் காரணம்' என்று போட்டார்கள். அவள் போகவில்லை. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, அந்த ஒரு வரி வரும்வரை உட்கார மறுத்தாள். 'மது அருந்தியிருக்கவில்லை' என்று வந்த பிறகுதான் விசிலைக் கையில் எடுத்தாள்.

இப்போது ஊதினால் மைதானம் நேராக நிற்கிறது. டோமிச்மேல் அவள் கொடுத்த புகாருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பதில் இல்லை. இரண்டாவது புகாரும் கொடுத்துவிட்டாள். மூன்றாவதை நேரில் கொண்டுபோகப் போகிறாள்.