லீஸேயிடம் சொன்ன சேதி

எங்கள் தொழுவத்தில் இருந்த ஒரே பசு லீஸே. ஜெர்மன்காரர்களான நாங்கள் போரில் தோற்றதற்கு அபராதமாகப் பிரான்சுக்குக் கறவை மாடுகளையும் கொடுக்க வேண்டுமாம். எங்கோ ஒரு மாளிகையில் உட்கார்ந்து பெரிய மனிதர்கள் போட்ட கையெழுத்து என் தொழுவம் வரைக்கும் வந்துவிட்டது. ஊர்த்தலைவர் டீட்மன் லீஸேயின் மடியைத் தடவிப் பார்த்தார். பின்னால் பிரெஞ்சு மாட்டு வைத்தியர் சுண்ணக்கட்டியோடு நின்றார். மாட்டின் முதுகில் அவர் கோடு போட்டால் அது பிரான்சுக்குப் போயிற்று. வீட்டுக்குள் என் மகள் வீப்கே இருமிக்கொண்டிருந்தாள். கிழங்குக் கூழ் அவள் வயிற்றில் தங்குவதில்லை. இந்தப் பால்தான் அவள் உயிரைப் பிடித்துவைத்திருந்தது.

"விதவை வீட்டு ஒத்தை மாட்ட எடுக்க மாட்டாங்க," என்றார் டீட்மன், தாழ்ந்த குரலில். "ஆனா நீ விதவைன்னு நான் எப்படிம்மா சொல்றது? உங்க மாட்டுக்கே இன்னும் சேதி சொல்லலியே."

எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் இறந்தால் மாட்டிடம் சொல்லியாக வேண்டும். படுத்திருந்தால் எழுப்பி நிறுத்தி, காதருகே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவும் அவர் பின்னாலேயே போய்விடும் என்பார்கள். தொழுவத்தில் சொன்ன பிறகு சாவைப் பற்றி மறுபேச்சில்லை. என் கணவர் யோர்ன் போர்முனையில் காணாமல் போய் இரண்டு வருடமாகிறது. மாமியார் யாரையும் சொல்ல விடவில்லை.

"வாயத் தொறந்தே, இந்த வீட்ல உனக்கு எடமில்ல!" வாசலில் நின்று கத்தினாள். "எம்புள்ள உசுரோடதான் இருக்கான்."

"உங்க பேத்தி இருமுறது காதுல விழலியா, அத்தை?"

வைத்தியர் சுண்ணக்கட்டியை உயர்த்தினார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. யோர்ன்மேல்தான் வந்தது. எங்கேயோ போய் இருந்துகொண்டு, தன்னைச் சாகடிக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டாரே!

லீஸேயின் காதைப் பிடித்தேன். "லீஸே, உன் எஜமான் செத்துட்டார்."

டீட்மன் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்து வைத்தியரும் கழற்றினார். டீட்மன் அவரிடம் ஏதோ சொல்ல, சுண்ணக்கட்டி பைக்குள் போனது.

மாலையில் பால் கறக்கப் போனேன். மாமியார் எனக்கு முன்பே முக்காலியில் உட்கார்ந்து, லீஸேயின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக் கறந்துகொண்டிருந்தாள்.

"அவ சொன்னது பொய்டி. நம்பிடாத. வந்துருவான்..."

கதவுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே பால் விழுகிற சத்தம் நிற்கும்வரை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.