மண்ணாங்கட்டிக்குச் சேரவேண்டிய கமிஷன்

தரகர் மாசிலாமணி இரண்டு விரலைக் காட்டினார்.

"நூத்துக்கு ரெண்டு சார். வாங்கறவன்கிட்ட ரெண்டு, விக்கறவன்கிட்ட ரெண்டு. பத்து வருசமா இதான் ரேட்டு. நான் ஏத்தவும் இல்ல, எறக்கவும் இல்ல."

அரங்கநாதன் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். வீட்டின் விலை நாற்பத்தைந்தாயிரம். கமிஷன் தொள்ளாயிரம். விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு மாதம் முழுக்க மூட்டைகளுக்கு ரசீது எழுதினால்தான் அந்தப் பணம்.

"டீக்கடை பெஞ்ச்சுல குந்திக்கினு இருக்கறதுக்குத் தொள்ளாயிரமா?"

"நின்னுக்கினு இருந்தா ஆயிரம் கேப்பேன் சார்" என்றார் மாசிலாமணி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

அரங்கநாதன் எழுந்து வந்துவிட்டார். தன் டீக்குத் தானே காசு கொடுத்தார். மாசிலாமணியின் டீக்குக் கொடுக்கவில்லை.

விவகாரம் இதுதான். திண்டிவனம் கிடங்கல் பகுதியில் இருந்த அந்த வீடு அவர் மனைவி தையல்நாயகிக்கு மாமா வழியில் வந்தது. விழுப்புரத்தில், பார்சல் ஆபீசிலிருந்து நடக்கிற தூரத்தில், அதே விலைக்கு இன்னொரு வீடு கிடைத்தது. தையல்நாயகி தன் நான்கு வளையல்களைக் கழற்றி விற்று ஐயாயிரம் முன்பணம் கட்டினாள். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் மீதி நாற்பதாயிரம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வீடும் இல்லை, ஐயாயிரமும் இல்லை. திண்டிவனம் வீடு விற்றால் நாற்பதாயிரத்தை அங்கே கட்டிவிட்டு, மிஞ்சுகிற ஐயாயிரத்தில் மறுபடி நான்கு வளையல்.

"தரகுக்குன்னு தொள்ளாயிரத்த எடுத்தா, மூணு வளையலும் கொஞ்சமும்தான் வரும்" என்றார் அரங்கநாதன்.

"ஊடு விக்கலன்னா அதுவும் வராது" என்றாள் தையல்நாயகி.

அப்போது மார்ச் முதல் வாரம்.

அரங்கநாதன் ஒரு தகரத்தில் 'வீடு விற்பனைக்கு. தரகர் இல்லை' என்று எழுதி, திண்டிவனம் போய் வாசலில் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்தார். ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேருக்கும் வீடு பிடித்தது. ஏழு பேரும் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"தரகர் யாருங்க?"

"தரகர் இல்ல. நேரா நான்தான்."

"ஓ" என்றார்கள். போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு வந்த ஒரு பெரியவர்தான் விளக்கம் சொன்னார். "தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க பணத்த வாங்கிக்கினு ஊருக்குப் பூடுவீங்க. நாளைக்கு ஒரு வில்லங்கம்னா நான் யார் சட்டையப் புடிக்கறது? தரகருன்னா அதே பெஞ்ச்சுல இருப்பாரு. தரகரே கைய வைக்காத ஊடுன்னா, உள்ளார என்னமோ இருக்குதுன்னு அர்த்தம்."

எதிரே டீக்கடையில் மாசிலாமணி இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் ஆகாயத்தைப் பார்ப்பார். அது போதுமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு காலை, விழுப்புரத்தில் பஸ் ஏறிய அரங்கநாதன் வேறு ஆளாக இருந்தார். நாலு முழ வேட்டி. நெற்றி நிறைய விபூதி. மஞ்சள் பை. வாயில் வெற்றிலை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தரகர்தான வேணும்? நானே தரகர்" என்று கிளம்பும்போது மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"திண்டிவனத்துல என்ன யாருக்குத் தெரியும்?"

ஒருவருக்குத் தெரியும். அந்த ஒருவர் வழக்கமான பெஞ்ச்சில் வழக்கமான டீயோடு இருந்தார். அரங்கநாதன் மஞ்சள் பையோடு தன்னைக் கடந்து போவதை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். டீயைக் குடித்தார். அரங்கநாதன் வாசலில் இருந்த தகரத்தைக் கழற்றி உள்ளே வைத்தார்.

பதினொரு மணிக்கு விருத்தாசலம் என்பவர் வந்தார். மேல்மலையனூர்ப் பக்கத்து ஆள்; மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம். திண்டிவனத்தில் மண்டி போடுகிறார், குடும்பத்தோடு வர வீடு வேண்டும்.

"தரகர் யாருங்க?"

"நான்தாங்க."

விருத்தாசலத்தின் முகம் தெளிந்தது. "பேரு?"

பேரை யோசிக்க மறந்துவிட்டது அரங்கநாதனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பார்சல் ஆபீசில் மூட்டை தூக்குகிறவர் ஞாபகத்துக்கு வந்தார். "மண்ணாங்கட்டி" என்றார்.

வீட்டைச் சுற்றிக் காட்டினார். கண்ணாடி இல்லாமல் பத்தடிக்கு அப்பால் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தது. "கெணத்துத் தண்ணி எப்புடி இருக்குது பாருங்க!" என்று கை நீட்டினார். விருத்தாசலம் மரியாதையாக, கை நீட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த கிணற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு இருவரும் வாசலுக்கு வந்தார்கள்.

"ஓனரு எப்படிப்பட்ட ஆளு?"

நல்லவர் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் ஓனரை நல்லவர் என்று சொல்கிற தரகர் யார்? "கஞ்சப்பயங்க" என்றார் அரங்கநாதன். "டீ வாங்கிக் குடுக்கமாட்டான். ஆனா அந்தம்மா தங்கமான மனுஷி."

"எந்த ஊரு?"

"அதெல்லாம் நாங்க சொல்றதில்லீங்க."

"உங்களுக்குக் கமிஷன்?"

கமிஷன் வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். "நூத்துக்கு ரெண்டு. நான் ஏத்தவும் இல்ல, எறக்கவும் இல்ல."

விருத்தாசலம் மனதுக்குள் பெருக்கினார். பெருக்குகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அரங்கநாதனுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த ஞாயிறு விருத்தாசலம் மனைவி பொன்னியோடு வந்தார். பொன்னி அடுப்படியில் நின்று கிழக்கே பார்த்தாள், மேற்கே பார்த்தாள்.

"மூலை சரியில்லீங்க" என்றாள், யாரோ சொல்லிக் கொடுத்ததைப் போல.

"மனையடி சாஸ்திரப்படி வேணான்றாங்க" என்றார் விருத்தாசலம், வாசலுக்கு வந்ததும். "வேற நல்ல எடம் இருந்தா சொல்லுங்க மண்ணாங்கட்டி." கைகூப்பிவிட்டு வேகமாகப் போய்விட்டார்கள்.

ஏப்ரல் பத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. அன்று இரவு அரங்கநாதன் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை பார்சல் ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்தவர், வாசலில் ஒரு ஜோடிப் புதுச் செருப்பைப் பார்த்து நின்றார். உள்ளே பேசுகிற குரல் கேட்டது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும்.

சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கக் கதவு வழியாக அடுப்படியில் நுழைந்தார். உட்கார்ந்தார். கேட்டார்.

"முனிசிபாலிட்டியில போயி விசாரிச்சேன், ஊட்டு வரி ரசீதுல உங்க பேரும் விலாசமும் இருந்துச்சுங்க" என்று விருத்தாசலம் சொல்லிக்கொண்டிருந்தார். "நடுவுல தரகன் எதுக்கும்மா? அந்த மண்ணாங்கட்டி ஒரு மாதிரி ஆளு. திருட்டு முழி. உங்க ஊட்டுக்காரரக் கஞ்சப்பயன்னு சொன்னாரு."

"சொன்னாரா?" என்றாள் தையல்நாயகி. "வேற இன்னா சொன்னாரு?"

"நீங்க தங்கமான மனுஷின்னாரு."

"அப்ப ரெண்டும் சரியாத்தான் சொல்லியிருக்காரு."

அடுப்படியில் அரங்கநாதன் ஒரு டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கமிஷன் நமக்கு மிச்சம் பாருங்க. உங்களுக்குத் தொள்ளாயிரம், எனக்குத் தொள்ளாயிரம். நேரா வந்தது நான். அதனால உங்க பங்க நீங்க எனக்குத் தள்ளிக் குடுக்கணும். நாப்பத்திநாலாயிரம். முழு ரொக்கம். ஒம்பதாந்தேதி பத்திரம் பண்ணிக்கலாம்."

தையல்நாயகி யோசிக்கிற சத்தம் கேட்கவில்லை. "சரிங்க" என்கிற சத்தம்தான் கேட்டது.

"ஒண்ணு. உங்க ஊட்டுக்காரர் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும். நாளைக்கு எனக்குத் தெரியாதுன்னு வரக்கூடாது. அவரு எங்க?"

"இங்கதான் இருப்பாரு. வேல ஜாஸ்தி."

செருப்புச் சத்தம் தெருவில் மறைந்த பிறகு அரங்கநாதன் வெளியே வந்தார். "தரகு தொள்ளாயிரம்தான். நீ ஆயிரத்தத் தள்ளிட்ட!"

"ஒம்பது நாள்ல வேற ஆள் கொண்டாறீங்களா?"

அரங்கநாதன் டம்ளரை அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"அந்தாளு உங்களக் கண்டுபுடிச்சா?" என்றாள் அவள், இப்போது குரலைத் தாழ்த்தி. "ஓனரே வேஷம் போட்டுக்கினு ஊட்டக் காட்டுனாருன்னு தெரிஞ்சா, பெரிய வில்லங்கம்னு நெனச்சிக்கினு ஓடிடுவாரு. ஒம்பதாந்தேதி ஓடினா பத்தாந்தேதிக்கு நாம எங்க போறது?"

ஒன்பதாம் தேதி காலை அரங்கநாதன் இருபது வருஷத்து மீசையை எடுத்தார். பேன்ட், ஷூ, மூக்குக் கண்ணாடி. விபூதி கிடையாது. வெற்றிலை வாசனை போக மூன்று முறை பல் தேய்த்தார்.

திண்டிவனம் பத்திர ஆபீஸ் வாசலில் புங்கமரம். நிழலில் விருத்தாசலம் ரொக்கப் பையோடு நின்றிருந்தார். அரங்கநாதனைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தலையைச் சாய்த்து மூன்றாவது முறை பார்த்தார்.

"சார்... உங்களுக்குத் தம்பி யாராச்சும் இருக்காங்களா?"

அரங்கநாதன் தொண்டையைச் செருமினார். பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும்.

"இருந்திருந்தா நாங்க ஏங்க இப்பிடி ஒண்டியா அலையறோம்?" என்றாள் தையல்நாயகி. "அவருக்குத் தொண்டைக் கட்டு. பேசமாட்டாரு."

விருத்தாசலம் அரை மனதோடு தலையாட்டினார். பத்திரம் எழுதி முடித்தாகிவிட்டது. உள்ளே கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. அரங்கநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது.

அப்போதுதான் கேட் வழியாக மாசிலாமணி வந்தார். பின்னால் நான்கு தரகர்கள். ஐந்து பேரும் நேராக விருத்தாசலத்தின் முன்னால் வந்து நின்றார்கள்.

"கெடங்கல் ஊடுதான?" என்றார் மாசிலாமணி. "இந்த ஊட்ட உங்களுக்குக் காட்டுனது யாரு?"

விருத்தாசலம் ரொக்கப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "யாரும்... நானேதான்..."

"மண்ணாங்கட்டி காட்டுனான். ரெண்டு ஞாயித்துக்கெழம காட்டுனான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். மூலை சரியில்லன்னு அவன அனுப்பிட்டு, பின்னால போயி ஓனரப் புடிச்சிட்டீங்க. ஏழை வயித்துல அடிச்சிட்டு அந்த ஊட்ல எப்படிங்க சோறு எறங்கும்?"

"நியாயம் கேக்கறாருல்ல?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"எங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு இருக்குது" என்றார் மாசிலாமணி. "ஒருத்தன் காட்டுன ஊட்டுக்கு அவன் கமிஷன் வராம பத்திரம் உள்ள போவக்கூடாது. நாங்க அஞ்சு பேரும் இந்த மரத்தடியிலதான் இருப்போம். போறவங்க வரவங்க எல்லாம் எங்ககிட்ட இந்த ஊட்டப் பத்திக் கேப்பாங்க. நாங்க ஆகாசத்தப் பாப்போம்."

விருத்தாசலம் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். மண்டி போட வந்த ஊர். "எவ்ளோங்க?"

"நாப்பத்திநாலுக்கு எண்ணூத்தியெம்பது. உங்களுது." மாசிலாமணி மெல்லத் திரும்பினார். அரங்கநாதனின் மழித்த மேலுதட்டைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். "ஓனர் சாரோடது ஒரு எண்ணூத்தியெம்பது."

அரங்கநாதன் மனைவியின் கைப்பையைப் பார்த்தார்.

"இன்னா சார்? மண்ணாங்கட்டிய உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றால் தரகன் பொய். தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று விருத்தாசலம் கேட்பார். 'நான்தான் மண்ணாங்கட்டி' என்றால் எண்ணூற்று எண்பது மிஞ்சும். நாற்பத்திநாலாயிரம் பையோடு கேட்டைத் தாண்டிவிடும்.

"அவன் எங்க? அவனையே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்று தொண்டைக் கட்டுக் குரலில் முனகினார்.

"கூச்சப்படறான் சார். ரோசக்காரன். எங்கிட்ட குடுங்க, அவனுக்குச் சேரவேண்டியத நான் சேத்துடறேன்."

தையல்நாயகி கைப்பையைத் திறந்தாள். வீட்டுச் செலவுக்கும் பஸ்ஸுக்கும் நூற்றிருபதை வைத்துக்கொண்டு, அவசரத்துக்கு இருக்கட்டுமென்று கைமாற்று வாங்கி வந்திருந்த ஆயிரத்திலிருந்து எண்ணூற்று எண்பதை எண்ணி நீட்டினாள். விருத்தாசலமும் எண்ணினார். மாசிலாமணி இரண்டையும் வாங்கி, ஒன்றை இடப்பக்கப் பையிலும் ஒன்றை வலப்பக்கப் பையிலும் போட்டுக்கொண்டார்.

பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கையெழுத்து ஆனது. கைரேகை ஆனது. நாற்பத்திநாலாயிரம் தையல்நாயகியின் கைக்கு வந்தது. நாளைக்குள் விழுப்புரம் வீட்டுக்காரரிடம் நாற்பதாயிரம் கட்டிவிடலாம். அரங்கநாதன் ஒரு மாதத்தில் முதல் தடவையாக முழு மூச்சு விட்டார்.

வெளியே வந்ததும் விருத்தாசலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "சார், அந்த மண்ணாங்கட்டிய எங்கயாச்சும் பாத்தீங்கன்னா, மனசுல வச்சிக்க வேணாம்னு சொல்லுங்க சார்."

"சொல்றேன்" என்றார் அரங்கநாதன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கணக்குப் போட்டார். விழுப்புரத்துக்குக் கட்டுவது போக நாலாயிரம். கைமாற்று போனால் மூவாயிரத்துச் சொச்சம். இரண்டரை வளையல். இரண்டரை வளையல் செய்கிற ஆசாரி விழுப்புரத்தில் கிடையாது.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. மாசிலாமணி.

"சார், ஒரு விசயம். செஞ்சி ரோட்ல ஒரு ஊடு வருது. அம்பதாயிரம். நீங்க ஓனரத் திட்டுன விதம் இருக்கே, அத நான் பெஞ்ச்சுலேர்ந்து கேட்டேன். சுத்தமான தொழில்காரன் பேச்சு. ஞாயித்துக்கெழம வந்து காட்டுனா கமிஷன்ல பாதி."

அரங்கநாதன் நிமிர்ந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் கவர்மென்ட் உத்தியோகஸ்தன். என்னப் பாத்தா எப்படித் தெரியுது?"

தையல்நாயகி தன் வெறும் கைகளைப் பார்த்தாள். பிறகு மாசிலாமணியைப் பார்த்தாள்.

"காலையிலயா, சாயங்காலமாங்க?" என்று கேட்டாள்.