தலைக்கு நாலு விரல்

1972-ஆம் ஆண்டு தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கும் பதினொன்றே காலுக்கும் இடையில், பெருங்குடிக்குத் தெற்கே உள்ள பந்தயக் குதிரைப் பண்ணையில் பத்தொன்பது பெண் குதிரைகள் தலைக்கு நாலு விரற்கடை நீண்டன. அளந்தவர் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்த நல்லசிவம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மீட்டர் கோலால் துணியை அளந்து முடித்ததும் நாலு விரல் தள்ளி வைத்துத்தான் கிழிப்பார், அது கொசுறு. ஆளுக்கு ஒரு தடவை உண்டு, இரண்டாம் தடவை கிடையாது. கஜக்கோல் காலத்திலிருந்தே இருபத்திரண்டு வருஷம் அப்படிக் கிழித்தும் ஒரு துணிக்கட்டாவது குறைந்ததில்லை. நூறு மீட்டர் கட்டு நூறு மீட்டருக்கு விற்று, கொசுறும் போனபிறகு சரியாகத் தீரும். துணி நீண்டு கொடுக்கிறது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். அதில் பேச ஒன்றுமில்லை என்று யாரும் பேசவில்லை.

பண்ணை மேலாளர் ஹபீபுர் ரஹ்மானுக்குப் பனிக்குக் கம்பளிப் போர்வையும், காலில் சுற்றப் பட்டைத் துணியும் வேண்டியிருந்தன. அளவை எழுதி அனுப்புகிறேன் என்றார். பிறர் எடுத்த அளவுக்கு நல்லசிவம் துணி கிழிப்பதில்லை. நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் கபாலி கோயிலைத் தவிர எங்கும் கூட்டிப் போகவில்லை என்று மனைவி பேச்சியம்மாள் அன்று எடுத்துச் சொன்னதால், அவளும் மகள் தங்கபுஷ்பமும் மைத்துனர் தனபாலனும் ஒரு தூக்குப் புளிச்சோற்றோடு வாடகைக் காரில் ஏறினார்கள். தனபாலனுக்குக் குதிரை என்றால் பயம். ஒவ்வொரு கொட்டடியின் முன்னும் நின்று கும்பிட்டுவிட்டே தாண்டினார். எது முதலில் ஓடிவரும் என்று கேட்டதற்கு, இவை தாய்க் குதிரைகள், ஓடுவதில்லை, குட்டி போடுவதோடு சரி என்றார் மேலாளர். “ஓடுறதுக்குப் பேரு, பெறுறதுக்கு ஒண்ணுமில்லையாக்கும்” என்று சொல்லிப் பேச்சியம்மாள் குதிரைகளுக்கு ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

பத்தொன்பதாவது குதிரையை அளந்து முடித்தபோது, குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாசி வந்து நின்றான். “இன்னா நைனா, காலீல மூடுன கதவு இப்ப மூட மாட்டேங்குது. எல்லாம் பின்னாடி வெளிய நீட்டிக்கினு நிக்குது” என்றான். மேலாளர் பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நாலு விரல் கூடுதல்தான். முதலாளிக்குத் தெரிய வேண்டாம், தீவனம் கூடுமே என்று கவலைப்படுவார் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அம்மாசி அதற்குள் ஓடிப்போய் ஒரு குட்டியை இரண்டு கைகளாலும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

பிறந்து மூன்று நாள். முன்னங்கால் ஒன்று மற்ற மூன்றைவிட நாலு விரல் குட்டை. நிற்க முடியாததால் தாயின் மடியை அது எட்டவில்லை. அம்மாசிதான் புட்டியில் பால் கொடுத்து வைத்திருந்தான். “நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டரு ஊசியோட வராரு. போட்டு முடிச்சுடச் சொல்லி மொதலாளி கையெழுத்தே போட்டுக் குடுத்துக்கீறாரு. ஒரு தபா அளந்து வுடு நைனா” என்றான்.

நல்லசிவம் குனிந்து அளந்தார். ஒரு காலை அல்ல, நாலு காலையும். குட்டி எல்லாப் பக்கமும் நாலு விரல் உயர்ந்து, முன்பு போலவே ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது.

“அப்பா, இப்பவும் நொண்டுது” என்றாள் தங்கபுஷ்பம்.

“அத்தான், ஒத்தக் கால மட்டும் அளந்திருந்தா முடிஞ்சிருக்கும்லா” என்றார் தனபாலன், கதவுக்குப் பின்னாலிருந்து.

“அது எப்படிடே? மத்த மூணும் என்னைப் பத்தி என்ன நெனைக்கும்?”

சரி, இன்னொரு தடவை அளக்கலாமே என்றார் மேலாளர். நல்லசிவம் மீட்டர் கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு ஆளுக்கு இரண்டு தடவை கொசுறு கொடுத்தால், நாளையிலிருந்து துணி நீளாது. அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கடையில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். அம்மாசி குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பேச்சியம்மாள் கடைசி வாழைப்பழத்தைத் தாய்க் குதிரைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். “முதல்ல அளந்தது யாருக்கு?”

“குட்டிக்குத்தான்.”

“மூணு நாள் பிள்ளை தன் பேர்ல துணி வாங்குமா? அது தகப்பன்காரன் கணக்கு, அவன் இன்னும் வாங்கல. இப்பத்தான் குட்டி தனியா வந்து கேக்குது. தனியா வந்த பிள்ளைய நம்ம கடையில காக்க வைக்கிறது உண்டா?”

நல்லசிவம் யோசித்துப் பார்த்தார். சிறுபிள்ளை தனியாக வந்தால் முதலில் அதற்குக் கொடுத்து அனுப்புவதுதான் கடை வழக்கம். குட்டியிடமே எந்தக் காலுக்கு வேண்டும் என்று கேட்டார். அது குட்டைக் காலை நீட்டியதாக அம்மாசியும், உதைத்ததாகத் தனபாலனும் பிற்பாடு சொன்னார்கள். அவர் அந்தக் காலை மட்டும் அளந்தார். குட்டி எழுந்தது, ஒரு முறை தள்ளாடியது, நேரே போய்த் தாயின் மடியில் முட்டியது. அம்மாசி புட்டியில் மீந்த பாலை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தானே குடித்துவிட்டான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வந்தார். பண்ணையில் இருந்த ஒன்பது குட்டிகளின் முப்பத்தாறு கால்களையும் இரண்டு முறை பார்த்தார். குட்டையான கால் எதுவும் அகப்படாததால், பேச்சியம்மாள் விட்டுப்போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கால்கள் நலம் என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். அன்று கடையிலும் துணி வழக்கம்போல நீண்டது. அந்த வாரம் குதிரைச் சேதி கேட்டு, கே.கே. நகரிலிருந்து கல்யாணத்துக்கு நின்ற மூன்று குள்ள வாலிபர்கள் தங்களை அளக்கச் சொல்லி வந்தார்கள். சட்டைத் துணி எடுத்தால் அளப்பேன் என்றார் நல்லசிவம். எடுத்தார்கள். சட்டைதான் பெரிதாக வந்தது.

குட்டி வளர்ந்து கிண்டியில் எட்டுப் பந்தயம் ஓடியது. எட்டிலும் கடைசிக்கு முந்தி. 1977-இல் ஓட்டத்தை நிறுத்திப் பண்ணைக்கே கொண்டு வந்தார்கள். நல்லசிவம் அளந்த அந்த ஞாயிறு மதியம் எழுந்ததிலிருந்து அது ஒரு நாளும் படுக்கவில்லை. நோவு வந்தபோதும் நின்றது, குட்டி போட்டபோதும் நின்றே போட்டது. முதல் இரண்டு வருஷம் அம்மாசி தினமும் வைக்கோல் பரப்பிப் பார்த்தான். அதற்குப்பின் அந்தக் கொட்டடியில் வைக்கோலை மிச்சம் பிடித்து, தன் படுக்கையை அங்கே போட்டுக்கொண்டான்.