கேமராவுக்கு முன்னால்

ஆன்லைன் வகுப்பில் சுடர்விழி ஒருநாளும் கேமராவைத் திறந்ததில்லை. வீட்டைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று பயம். ஆனால் வாய்மொழித் தேர்வுக்கு முகம் காட்டாவிட்டால் பருவமே போய்விடும். முந்தைய நாள் ஒத்திகை வைத்திருந்தார்கள். விராலிமலைப் பக்கத்து அந்த ஊரில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால்தான் சிக்னல் வரும். அங்கே உட்கார்ந்து கேமராவைத் திறந்தாள்.

"ஏடி, மாடும் பரீட்சை எழுதுதா?" என்றாள் தோழி அருணா. பேராசிரியர் சார்லஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த அண்ணன் வீரய்யாவிடம், "ஒந்தங்கச்சி கொட்டகைக்குப் பின்னால தெனமும் போனும் கையுமாத்தான் இருக்கு" என்று டீக்கடையில் எவனோ ஓதியிருந்தான். வீரய்யா வந்து எட்டிப் பார்த்தான். போனில் ஓர் ஆணின் சிரித்த முகம்.

"எவன்டி இவன்?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. அறைந்த அறையில் உதடு கிழிந்தது. சடையைப் பிடித்து இழுத்துக் கல்தொட்டியில் தலையை மோதினான். கண்ணில் இரத்தம் வழிந்தது. மாட்டுக்கம்பை ஓங்கியபோது ஆத்தா அழகி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். அடி அவள் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் சுடர்விழிக்குத் தெளிவாகக் கேட்டது.

"டேய், நிறுத்துடா! நான் அவ வாத்தியாருடா! போலீசுக்குச் சொல்லியாச்சு!"

வீரய்யா திரும்பினான். தரையில் கிடந்த போனில் வகுப்பே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பு கைநழுவியது. சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

வலியைவிட, எல்லாரும் பார்த்துவிட்டார்களே என்பதுதான் சுடர்விழியைத் தின்றது. மறுநாள் காலை, "நான் பரீட்சைக்கு வரல ஆத்தா" என்றாள்.

அழகி மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்திருந்தாள். "எங்கையி ஒடஞ்சது, நீ மொகத்த ஒளிச்சுக்கவாடி?"

சுடர்விழி தயங்கித் தயங்கி வகுப்புக்குள் நுழைந்தாள். ஒரு முகமும் இல்லை. எல்லாம் இருண்ட கட்டங்கள், பெயர்கள் மட்டும்.

"இன்னைக்கு எல்லாருக்கும் கேமரா கோளாறும்மா," என்றார் சார்லஸ். "கொரல் போதும். தேர்வாளர்கிட்டச் சொல்லிட்டேன்."

அந்தப் பொய்யை ஆண்டவர் புண்ணியக் கணக்கில்தான் எழுதியிருப்பார். இத்தனை பேரும் சொல்லிவைத்துக்கொண்டு தனக்காக இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

"என்னோடது நல்லா இருக்கு சார்," என்றாள்.

வீங்கிய முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் திறந்தாள்.