பனியன் வேஸ்ட்டில் பொதிந்த கம்பி

சுற்றியிருந்த துணியைக் கலைமகள் பிரித்தாள். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இரும்புக் கம்பி, சொறி பிடித்தாற்போல் துருவேறிக் கிடந்தது.

திருப்பூரில் எதைத் துடைப்பதென்றாலும் பனியன் கம்பெனிகளில் கழித்துப் போடும் துண்டுத் துணியான பனியன் வேஸ்ட்தான், எதைப் பொதிவதென்றாலும் பனியன் வேஸ்ட்தான். அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்குவதும் அதில்தான். சாயப்பட்டறையிலிருந்து வந்த வேஸ்ட்டில் இரும்பை அரிக்கும் உப்பு இருக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது? கலைமகளுக்கும் தெரியும். கைப்பழக்கம் விட்டால்தானே! பிள்ளையைப் போர்த்துவதுபோல் சுற்றிப் பரணில் வைத்தவள் சாட்சாத் அவளேதான்.

அவளும் கணவன் சுரேந்தரும் வைத்திருப்பது ஒரே ஒரு கம்பாக்டிங் மெஷின். சாயம் ஏறி வந்த பனியன் துணியைப் பின்னால் சுருங்காதபடி அழுத்திக் கொடுக்கும். காலையில் அதன் உருளையைத் தாங்கும் ஷாஃப்ட் இரண்டாக ஒடிந்துவிட்டது. அதற்கு மாற்றாக வாங்கி வைத்திருந்ததுதான் இந்தக் கம்பி. பொழுது சாய்வதற்குள் மெஷின் ஓடாவிட்டால் துணி வேறு பட்டறைக்குப் போய்விடும். துணியோடு எக்ஸ்போர்ட்காரரும் போய்விடுவார். அவர் ஒருவரை நம்பித்தான் பட்டறையே நடந்தது.

"நான்தானுங்க சுத்தி வெச்சேன்" என்றாள்.

சுரேந்தர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "அளவு காட்டறதுக்கு இருக்கட்டும்" என்று துருப்பிடித்த கம்பியை டெம்போவில் ஏற்றினான். "மில்லுக்கே போயிப் புதுசு வாங்கிட்டு வந்துரலாம், வா."

பொங்கலூர் தாண்டி இருந்தது அந்தக் கம்பி மில். உலையின் கதவு திறந்தது. செக்கச்செவேலென்று ஓர் இரும்புக் கட்டை வெளியே வந்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைந்து, மறுபக்கம் நீண்டு வந்தது. அடுத்த ஜோடி உருளையில் இன்னும் மெலிந்தது, இன்னும் நீண்டது. கட்டையாக நுழைந்தது கம்பியாக ஓடியது. முறுக்கு மாவுகூட அவள் கையில் இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. வந்த காரியத்தை மறந்து வாயைப் பிளந்து நின்றாள்.

ஆறிய கம்பிகளைப் பக்கத்துக் கொட்டகையில் ஒரு சிறிய துளை வழியாக இழுத்து வழவழப்பாக்கினார்கள். டிராக்டருக்கு, கிணற்று மோட்டாருக்கு, நிட்டிங் மெஷினுக்கு என்று ஊர் ஊராகப் போகிற கம்பிகள். ஓடுகிற எல்லாவற்றுக்கும் உள்ளே இவைதான் இருக்கின்றன என்று நினைத்தபோது அவளுக்கு மேல் சிலிர்த்தது.

"இந்த சைஸு அடுத்த வாரந்தானுங்க வரும்" என்றார் மில் சூப்பர்வைசர் வேல்குமார்.

கலைமகளுக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. வேல்குமார் டெம்போவை எட்டிப் பார்த்தார். "இதுக்கு என்னங்க?"

"துரு ஏறிப் போச்சுங்க" என்றாள் அவள்.

"உங்குளுக்கு எவ்வளவு தடிமன் வேணும்?"

"இதைவிடக் கொஞ்சம் கம்மிதானுங்க. கடைஞ்சு போட்டுக்கலாம்னு தடியா வாங்கி வெச்சது" என்றான் சுரேந்தர்.

"அப்புறம் ஏனுங்க அழுகறீங்க? குழாயா இருந்தா ஓட்டை உழுந்திருக்கும். இது கெட்டிக் கம்பிங்க. சீவச் சீவ இரும்புதான் வரும்."

மில்லிலேயே இருந்த கடைசல் லேத்தில் கம்பியை மாட்டினார்கள். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் இரும்பு சுருள் சுருளாகப் பிரிந்து, வெள்ளையாகப் பளீரென்று வந்தது. நுனிகளைக் கடைந்து, சாணை பிடித்துக் கொடுத்தார்கள். கலைமகள் விரலால் தடவிப் பார்த்தாள். அவள் செய்த தப்பு மேல்தோலோடு போயிருந்தது. உள்ளே கம்பிக்கு எதுவுமே தெரியாது. கும்பிட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

ஷாஃப்ட்டைப் பூட்டி முடிக்கையில் வெயில் இறங்கிவிட்டது. சுரேந்தர் சுவிட்சைப் போட்டான். மோட்டார் சத்தம் கேட்டது. கலைமகள் குனிந்து பார்த்தாள். கம்பி அசையவில்லை. அதன்மேல் விழுந்த வெளிச்சக் கோடு கோடாகவே நின்றது.

"ஐயோ, சுத்தலைங்க!" என்றாள்.

"அத்தனை வழவழப்பு, சுத்தறது கண்ணுக்குத் தெரியலை" என்று சுரேந்தர் அவள் கையைப் பிடித்து மெஷினின் மறுபக்கம் கூட்டிப் போனான். அங்கே துணி வெதுவெதுப்பாக, மடிப்பு மடிப்பாக அவள் கையில் இறங்கியது.