மூங்கில் வளையத்தோடு வீடு பார்த்தவர்

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன்னால் ஸ்டெஃபி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அதுக்கப்புறம் என்னை யாரும் தூக்கக் கூடாது. பாத்ரூமுக்குக்கூட நானேதான் போவேன். சரின்னா சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

இருபத்திரண்டு வயசுப் பெண் இப்படிக் கேட்டதில் என்ன தப்பு, கண்ணுகளா? சின்ன வயசில் எலும்பில் சீழ் பிடித்து, இடது கால் வளர மறந்துபோனது. வலது காலைவிட ஐந்து சென்டிமீட்டர் குட்டை. ஒகேனக்கல்லில் அவர்கள் வீடோ ரோட்டிலிருந்து பாறையில் வெட்டிய பதினெட்டுப் படி இறங்கிப் போகிற இடத்தில் இருக்கிறது. அவள் அப்பா ஜோசப் ராஜ் பரிசல் ஓட்டுகிறவர். பரிசலை ஒரு தோளில் கவிழ்த்துக்கொண்டு, மகளை இன்னொரு தோளில் உட்கார வைத்துப் படியேறுவார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதும் தூக்கினார். கூடப் படிக்கிற பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டார்கள். அந்தக் கூச்சம் அவளை விட்டுப் போகவே இல்லை.

சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்களை மாட்டிவிட்டார்கள். அதிலுள்ள திருகை ஒரு நாளைக்கு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பினால் தினமும் ஒரு மில்லிமீட்டர் எலும்பு நீளும். "வளையத்தோடயே வாக்கர் பிடிச்சு நடக்கணும், படுத்துக் கிடந்தா கணுக்கால் இறுகிடும்" என்று டாக்டர் சொன்னார். படி இல்லாத வீடு, உட்காருகிற டாய்லெட், பக்கத்திலேயே பிசியோதெரபி. இந்த மூன்றும் வேண்டுமாம். பாறைப்படி வீட்டுக்கு ஏழெட்டு மாசம் திரும்ப முடியாது.

பாப்பாரப்பட்டி சந்தைக்குப் பக்கத்தில் பூவிழி என்கிற பெண் பிசியோதெரபி செய்கிறாள் என்று கேள்விப்பட்டார்கள். அங்கேயே வாடகைக்கு வீடு பார்ப்பது என்று முடிவானது.

ஜோசப் ராஜ் என்ன செய்தார் தெரியுமா? மகளின் கட்டிலருகே உட்கார்ந்து, மூங்கிலைப் பிளந்த ஒரு பிளாச்சால் அந்த இரும்பு வளையத்தை அளந்தார். பரிசல் பின்னுகிற கை. அரை மணி நேரத்தில் அதே அளவில் மூங்கில் வளையம் தயார். அதைத் தன் இடது காலில் கட்டிக்கொண்டு, இரவல் வாங்கிய வாக்கரோடு பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறினார். அவர் மனைவி சகாயராணி, மீன் வறுக்கிற கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுக் கூடவே போனாள்.

"கண்டக்டர் உங்களுக்கு எழுந்து சீட்டு குடுக்கறாரு. வாங்கிக்காதீங்க, பாவம் சேரும்" என்றாள்.

முதல் வீடு மாதா கோயிலுக்கு எதிரில். பூசை மணி உள்ளேயே கேட்கும் என்று சகாயராணிக்கு ஆசை. ஆனால் கக்கூஸ் கொல்லைப்புறத்தில். அங்கே போக நாலு படி.

"மாதாவே வந்து சொன்னாலும் முடியாது, ராணி."

இரண்டாவது வீட்டில் எல்லாம் உள்ளேயே இருந்தது. ஜோசப் ராஜ் வாக்கரை முன்னால் வைத்து, காலை இழுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் நுழைந்தார். பாதி நுழைந்தார் என்று சொல்ல வேண்டும். மூங்கில் வளையம் கதவு நிலையில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"ஏங்க, வூடு பாக்க வந்தீங்களா, குடியிருக்கவே வந்துட்டீங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சகாயராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

மூன்றாவது வீடு மாதம்மாளுடையது. ஐம்பது வயசுக்காரி, பக்கத்திலேயே நிலம் வைத்துப் பயிர் செய்கிறவள். புருஷனுக்கு முட்டி ஆபரேஷன் நடந்தபோது உட்காருகிற டாய்லெட் வைத்து, சுவரில் பிடித்துக்கொள்ள கம்பியும் பதித்திருந்தாள். இப்போது அவர்கள் அடுத்த வீட்டுக்கு மாறிவிட்டார்கள்.

"காலுக்கு என்னாத்துக்குங்க கோழிக்கூடை?" என்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும் அவளே முன்னால் ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்துவிட்டாள்.

கூடத்துக்குள் வளையம் இடிக்காமல் போனது. படுக்கையறைக்குள் போனது. பாத்ரூமுக்குள்ளும் இரண்டு பக்கமும் நாலு விரல் மிச்சம் வைத்துப் போனது. ஜோசப் ராஜ் வெற்றியோடு திரும்பி வந்தார். சகாயராணி அதை வீடியோ எடுத்துச் சேலத்துக்கு அனுப்பினாள்.

"ப்பா, என்னைவிட நல்லா நொண்டறீங்க" என்று மகளிடமிருந்து பதில் வந்தது.

மாதம்மாள் ஒன்றே ஒன்று சொன்னாள். "வெள்ளிக்கிழமை நானே வந்து வாசப்படிக்கு மஞ்சள் பூசிட்டுப் போவேங்க. நீங்க வேற சாமி, பரவால்ல. ஆனா அதை மிதிக்க மட்டும் கூடாது."

"நாங்களும் மிதிக்க மாட்டோங்க. எங்கம்மா அதுல உக்காந்தாலே அடிக்கும்" என்றார் ஜோசப் ராஜ்.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டெஃபி ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாக்கரை வைத்தாள், காலை வைத்தாள், அடுத்த காலை வைத்தாள். வாசல்வரை வந்தாள். நின்றாள்.

கதவு நிலையின் அடிக்கட்டை, அரைச்சாண் உயரத்தில், போன வாரம் பூசிய மஞ்சளும் குங்குமமுமாகக் குறுக்கே கிடந்தது.

வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். ஆனால் வளையம் மாட்டிய கால் அந்த உயரத்துக்கு எழும்பவில்லை. ஒரு தடவை முயன்றாள். பாதம் கட்டையில் இடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஜோசப் ராஜ் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அகலத்தையெல்லாம் அளந்தவர், இதை அளக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து வாசப்படியை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் பழகிய கால். அன்றைக்கும் மூங்கில் வளையத்தோடு தன்னையறியாமல் தூக்கித் தாண்டிவிட்டது. வீடியோவில் பார்த்த மகளுக்கும் அது கண்ணில் படவில்லை.

"ஒரே ஒரு தடவை நான் தூக்கி உள்ள வெச்சிர்றேன், பாப்பா. அப்புறம் வெளியவே வர வேணாம்."

"தினமும் பூவிழியக்காகிட்ட போவணும்ப்பா. தினமும் ரெண்டு தடவை தூக்குவீங்களா? அதுக்கா நான் காலை வெட்டிக்கிட்டேன்?"

அவர் கை கீழே இறங்கியது.

"ஒரு மூட்டை மண்ணைப் போட்டு மேல ஏறிப் போகட்டும்" என்றான் ஆட்டோக்காரன். மஞ்சள் கிண்ணத்தோடு அப்போதுதான் வந்த மாதம்மாளின் முகம் சுருங்கியது. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"வேணாங்க. வேற வூடு பாத்துக்கறோம்" என்றாள் சகாயராணி.

"இருங்க, இருங்க. புள்ளைக்கு முதல்ல நாற்காலி போடுங்க" என்றாள் மாதம்மாள்.

ஸ்டெஃபி வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள். ஜோசப் ராஜ் குனிந்து அந்தக் கட்டையையே பார்த்தார். பிறகு சந்தைப் பக்கம் நடந்தார். திரும்பி வரும்போது தோளில் மூங்கில்.

பிளந்தார், சீவினார், வளைத்தார். இரண்டு தடி மூங்கில்களை வில்லாக வளைத்து, மேலே பிளாச்சுகளை நெருக்கி நெருக்கிக் கட்டி, சாக்கு போர்த்தினார். மதியச் சாப்பாட்டுக்குள், இரண்டு பக்கமும் நீளமாகச் சரிகிற ஒரு பாலம் வாசலில் நின்றது. கட்டையைத் தொடாமல் அதற்கு மேலே நின்றது.

மாதம்மாள் உட்கார்ந்து அடியில் கையை விட்டுப் பார்த்தாள். "கை போவுது. மஞ்சள் பூசலாம்." பிறகு மெல்லக் கேட்டாள். "ஆனா மேல நடந்தா, மிதிச்ச மாதிரி ஆவாதுங்களா?"

"ஒகேனக்கல்ல தொங்கு பாலத்துல போறவங்க காவேரியை மிதிச்சிக்கிட்டா போறாங்க?" என்று கேட்டார் ஜோசப் ராஜ்.

மாதம்மாள் யோசித்தாள். முகம் விரிந்தது. "அதானே!"

"முதல்ல நான் போய்ப் பாக்கறேன்" என்று ஜோசப் ராஜ் மூங்கில் வளையத்தைக் காலில் கட்டினார். வாக்கரோடு பாலத்தில் ஏறினார்.

"நில்லுங்க!" என்று மாதம்மாள் கத்தினாள். "தோ, இப்பவும் காலைத் தூக்கறீங்க! தேச்சிக்கிட்டே போங்க!"

திரும்ப ஏறினார். மறுபடியும் தூக்கினார். மூன்றாம் தடவை மாதம்மாளே குனிந்து அவர் பாதத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தாள். அப்போதுதான் தெரிந்தது: உள்பக்க முனையில் ஒரு பிளாச்சு துருத்திக்கொண்டு பெருவிரலைத் தடுக்கியது. ஜோசப் ராஜ் கத்தியை எடுத்து அதைச் சீவிவிட்டார்.

"இப்ப நீ போ, கண்ணு" என்றாள் மாதம்மாள்.

ஸ்டெஃபி எழுந்தாள். வாக்கரை வைத்தாள். காலைத் தேய்த்து நகர்த்தினாள். பாலம் லேசாக அசைந்தது.

"ப்பா, பரிசல் மாதிரி ஆடுது!"

"நான் கட்டுனது வேற எப்பிடி இருக்கும்?"

நடுவில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கினாள். ஜோசப் ராஜின் இரண்டு கையும் தாமாக நீண்டன. சகாயராணி அவற்றைப் பிடித்து அவர் முதுகுக்குப் பின்னால் கட்டி வைத்தாள். ஸ்டெஃபி சரிவில் இறங்கினாள், கூடத்தைக் கடந்தாள், நேராகப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியவர்கள் மூன்று பேரும் கதவருகே காதை நீட்டிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஜோசப் ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு பேரும் அங்கயேதான நிக்கிறீங்க?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "போங்க வெளிய! வெக்கமா இல்ல?"

அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். மாதம்மாள் பாலத்தின் மேலேயே ஓடினாள். சகாயராணியும் ஓடினாள். ஜோசப் ராஜ் மட்டும் நடுவில் வந்ததும், தான் கட்டிய பாலத்தின் மேலேயே காலை உயரத் தூக்கி, இல்லாத வாசப்படியைத் தாண்டிப் போனார்.